ஒரே இடத்தில் இரண்டு நிறம்

கணினித் திரையில் வழக்கமாக ஓர் எழுத்துக்கு ஒரு நிறக் கூம்புதான் எழும். அன்று காலை ஓரிடத்தில் மட்டும் நீலமும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டும் பாதி உயரத்தில் நின்றன. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, "மிஸ், கிடைச்சிட்டுது" என்றேன். அன்று என் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சிறிய மரபணு ஆய்வுகூடம் அது. எனக்கு முதல் வேலை. மிஸ்தான் பொறுப்பாளர், கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பதைத் தொட்டிருந்தார், திருமணம் செய்யவில்லை. டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளுக்கும் ஒளிரும் சாயம் நான்கை ஏற்றி, தலைமயிர் போல மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓடவிடுவோம். லேசர் படும்போது ஒவ்வொன்றும் தன் நிறத்தில் மின்னும். நிறங்களின் வரிசைதான் எழுத்துகளின் வரிசை. சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் யன்னல் கண்ணாடி முழுவதும் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தோம். கடல் கிட்டத்தில் இருந்தது, ரயில் போனால் தரை அதிரும். ஆனால் உள்ளே இருப்பவருக்குக் காலையா பின்னேரமா என்று தெரியாது.

அன்று நாங்கள் தேடியது, கால்கள் மெல்ல மெல்ல விறைத்து நடை நின்றுபோகும் ஒரு பரம்பரை நோயின் அடையாளம். எழுத்துத் தொடர் எல்லோரிடமும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும்; ஒன்றில் மட்டும் பிழை இருந்தால் அந்த இடத்தில் இரண்டு நிறம் எழும். தாயிடம் இருந்தால் பிள்ளைக்கு வரவும் வராமல் விடவும் சரிபாதி வாய்ப்பு. என்னிடம் தரப்பட்டது எண் மட்டும் எழுதிய ஓர் இரத்த மாதிரிக் குழாய். மிஸ் திரைக்குக் கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தார்.

"சாயம் பழுதாகியிருக்கும். திரும்ப ஓட்டுங்க."

புதுச் சாயம் கலந்து ஓட்டினேன். அதே நீலம், அதே சிவப்பு.

"டொக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பவோ மிஸ்?"

"தேவையில்ல," என்றார். "அது நான்தான்."

தன் தாய் இதே நோயில் பத்து வருடம் கட்டிலில் கிடந்து இறந்ததை அதன் பிறகுதான் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். விஷயம் தெரிந்தால் தங்கை தன் கால்களையும் பிள்ளைகளின் கால்களையும் பார்த்துப் பார்த்தே வாழ்வாள் என்று மிஸ் பயந்தார். "பாக்காம இருந்திருக்கலாம். இப்ப தெரிஞ்சத எங்க கொண்டுபோய் வைக்கிறது? நீங்களும் சொல்ல வேணாம்." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குள் நானும் அடைபட்டுப் போனேன்.

அதன்பிறகு அவர் நடக்கும்போதெல்லாம் என் கண் அவருடைய பாதத்துக்குப் போகும். அவர் அதைக் கவனிப்பார். நான் குழாய்களை அடுக்குவேன். வேறு வேலை தேடினேன், ஒன்று கிடைக்கவும் செய்தது. நான் போய்விட்டால் அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்து அங்கேயே இருந்துவிட்டேன். அது இரக்கமா, பயமா என்று இன்றும் தெரியாது.

மூன்றாம் வருடம், காலை இழுத்து நடந்ததில், அவருடைய இடது செருப்பின் முனை தேயத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் தங்கை வந்தார். மிஸ் உள்ளறையில் இருந்தார்.

"அக்கா ஏன் இப்பிடி நடக்கிறா? டெஸ்ட் ஏதும் செஞ்சாவா?"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பொய் சொல்ல வராது, பிள்ளை."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது இருவரும் முகம் கழுவியிருந்தார்கள். தங்கை சட்டைக் கையை மடித்து என்முன் நீட்டினார். "எனக்கும் எடுங்க."

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், மூவரும் திரைமுன் இருந்தோம். அந்த இடத்தில் நீலம் மட்டும் முழு உயரத்தில் நின்றது. அவருக்கு இல்லை; அதனால் பிள்ளைகளுக்கும் இல்லை. நான் அதைச் சொன்னபோது தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ்தான், "பாத்தியா, நான் எவ்வளவு காலம் சும்மா பயந்தனான்" என்று சிரித்தார். தங்கை மேசையில் தலையை வைத்து அழுதார்.

மிஸ் இப்போது தங்கையோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். வீட்டுக்குள்ளே மட்டும் நடக்கிறார். அவருடைய வேலையை நான் செய்கிறேன். எண் எழுதிய குழாயை எடுக்கும்போது யாருடையதாக இருக்கும் என்ற எண்ணம் வராத நாளில்லை.

தங்கையின் முடிவைப் பார்த்த அந்தப் பின்னேரம் லிப்ட் பழுதாகியிருந்தது. மிஸ் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தங்கை ஒரு படி கீழே, அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பி, பின்புறமாகவே இறங்கினார்.

"கையப் பிடிங்க அக்கா."

"வேணாம், நான் வருவன்."

நான் மேலே நின்று படிக்கட்டு இடைவெளியால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாடியும் இறங்கும்வரை தங்கை நீட்டிய கைகளை மிஸ் தொடவில்லை. தங்கை அவற்றை இறக்கவும் இல்லை.