மூடியில் துளையிட்ட சாடிகள்

பலெர்மோவில் நான் முதன்முதலில் வேலைக்குப் போன வீட்டின் வரவேற்பறையில் இரண்டு பீங்கான் சாடிகள் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக்கென்று செய்தவை. ரோசா நிறம், விளிம்பெல்லாம் பொன் பூச்சு, நடுவில் தோட்டத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சோடியின் ஓவியம். மூடிகளில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. அவை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நானும் கணவரும் அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் குடியிருந்தோம். அவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். நான் காலையில் சந்தைக்குள்ளால் நடந்து அந்த வீட்டுக்குப் போவேன். வீட்டுக்கார அம்மாவை இத்தாலிய முறைப்படி 'சின்யோரா' என்றே கூப்பிடுவேன். சின்யோரா கணவரை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். அந்தப் பெரிய வீட்டில் தனியே இருந்தார். முதல் நாளே என்னைச் சாடிகளுக்கு முன்னால் நிறுத்தி, "எல்லாத்தையும் துடை. இதுகளை மட்டும் தொடாதை" என்றார். அவர் பேசியது இத்தாலியம்தான். என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது.

சாடிகளை அவரே பட்டுத் துணியால் துடைப்பார். அந்த நேரம் நான் அறைக்குள் போவதில்லை. மற்ற நேரங்களிலும் நாங்கள் அதிகம் கதைத்ததில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தபோது யன்னல்கள் கடகடவென்று அதிர்ந்தன. ஊர்ச் சண்டையில் கேட்டுப் பழகிய ஷெல்லடி என்றே நினைத்துக் குப்புற விழுந்தேன். தரை அசைந்த பிறகுதான் நிலநடுக்கம் என்று புரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், பளிங்குத் தட்டில் நின்ற சாடிகள் மெல்ல மெல்ல விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் ஒன்றை இடுப்போடு அணைத்தேன். மற்றதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தேன். மேலே தொங்கிய கண்ணாடி விளக்கு ஊஞ்சல்போல் ஆடியது.

"விடு! அதை விட்டிட்டு இஞ்சை வா!" என்று வாசலிலிருந்து சின்யோரா கத்தினார்.

நான் விடவில்லை. அவர் வெறுங்காலோடு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதவு நிலைக்குக் கீழே நிறுத்தினார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. ஒரு சாடி தட்டிலேயே தப்பி நின்றது. மற்றது என் இடுப்பில்.

"உனக்கு விசரே? உது வெறும் பீங்கான். உனக்கு ஏதும் நடந்தால் உன்ரை மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நீங்கள்தானே தொடக்கூடாது எண்டு சொன்னனீங்கள், சின்யோரா. அவ்வளவு பெறுமதி எண்டு நினைச்சன்."

அவர் என் இடுப்பிலிருந்த சாடியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அன்று அவரே கோப்பி போட்டுத் தந்து, என்னை வரவேற்பறைக் கதிரையில் இருத்தினார்.

"இந்தத் துளையள் ஏன் எண்டு தெரியுமோ?" என்று மூடியொன்றைத் தூக்கிக் காட்டினார். அரண்மனைச் சீமாட்டிகள் உலர்ந்த பூவிதழ்களையும் வாசனைத் திரவியங்களையும் உள்ளே போட்டு வைப்பார்களாம். துளைகள் வழியாக அறை முழுவதும் வாசம் பரவுமாம். "என்ரை மாமி செத்த பிறகு சும்மாதான் நிக்குது. நாங்கள் நிரப்புவம்" என்றார்.

மே மாதம் முழுவதும் மாடி முற்றத்தில் ரோசா இதழும் தோடம்பழத் தோலும் காயவைத்தோம். கபோ சந்தைக்குள் கைகோர்த்துக்கொண்டு போய்ப் பூ வாங்கினோம். கறுவாவும் கராம்பும் எங்கள் ஒழுங்கைத் தமிழ்க் கடையில் நான் வாங்கிப்போனேன். சின்யோரா கறுவாவை முறித்து மணந்து பார்த்து, "இது உங்கடை நாட்டிலை இருந்து வாறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதை அவர் தன் கையாலேயே சாடிக்குள் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், என் கையில் ஒட்டியிருந்த கறுவா வாசத்தை மோந்தபடி கணவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னப்பா, சின்யோரா வீட்டிலை இண்டைக்கு இறைச்சிக் கறியோ? எனக்கு ஒண்டும் கொண்டுவரேல்லையோ?"

விசயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு சின்யோரா அவரையும் கூப்பிட்டு, சாடியின் அருகே நிறுத்தி மணக்கவைத்தார்.

அதன் பிறகு சில வருடங்கள், இளவேனில் வந்தால் இதழ் மாற்றுவது எங்கள் இருவரின் வேலையாயிற்று. அந்த நாட்களில்தான் நான் என் அம்மாவைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் தனக்குப் பிறந்து தங்காமல் போன பிள்ளையைப் பற்றி எனக்குச் சொன்னார்.

பிறகு அவருக்கு நடக்க ஏலாமல் போயிற்று. வடக்கே இருந்த மகள் வந்து அவரையும் சாடிகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் பலெர்மோவிலேயே சீசா என்ற பகுதியில் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சின்யோரா தொலைபேசி எடுப்பார். "மகள் சாடியளைக் கண்ணாடி அலுமாரிக்குள்ளை லைற் போட்டு வைச்சிருக்கிறாள். வாற ஆக்கள் பாத்துப்போட்டுப் போகினம், ஒருத்தரும் மூடியைத் திறக்கேல்லை" என்று ஒருமுறை குறைப்பட்டார். பிறகு, வயிற்றில் பிள்ளையோடு இருந்த என்னிடம், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

எனக்கு மகள் பிறந்த வருடத்து நத்தாருக்கு அழைப்பு வரவில்லை. நானே எடுத்தேன். அவரது மகள்தான் பேசினாள்; சின்யோரா இலையுதிர் காலத்திலேயே போய்விட்டாராம். பேச்சு முடிந்தும் வெகுநேரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கணவர் வந்து குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.