கயிற்றில் கை வைத்தவர் பங்கு

போன புதன்கிழமையும் மீன் வந்தது. காரலும் இரண்டு பாரைக் குஞ்சும். செவுளில் தென்னை ஈர்க்கைக் கோத்து, முடிச்சுப் போட்டு, நானாவின் சக்கர நாற்காலியின் கைப்பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நானா என் மூத்த சகோதரர், நாற்பது தாண்டியவர். பிறந்ததிலிருந்து நடக்கவும் பேசவும் முடியாதவர். எங்கள் வீட்டுக்கு மீன் உழைத்துக் கொண்டுவருகிற ஒரே ஆள் அவர்தான். இதற்கெல்லாம் காரணமாக இருந்த மிஸ் போன வருடம் மௌத்தாகிவிட்டார்.

தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, உம்மா வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார். இடுப்பில் நானா இருந்தார். நான் பிறகு முகாமில் பிறந்தவள். அன்று இடுப்பில் ஏற்றிய பிள்ளையை உம்மா இறக்கிவிடவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். கல்யாண வீடு, மையத்து வீடு ஒன்றுக்கும் போகமாட்டார். இரவில் நானா இருமினால், இருமல் முடிவதற்குள் எழும்பிவிடுவார். நானாவின் வலது கை வேறு பெரிய தொல்லை. எதைப் பிடித்தாலும் விரல்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். உம்மாவின் தலைமுடி, என் பாடசாலைச் சட்டை, ஜன்னல் திரை என்று அந்தப் பிடியில் அகப்படாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. அதை விரல் விரலாகத் திறக்க உம்மா ஒருவருக்குத்தான் தெரியும். கடைசியில் உம்மாவின் முதுகு விட்டுவிட்டது. இனியும் தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்று டொக்டர் சொன்னார். உம்மா படுத்துவிட்டால் நானாவை யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

அப்போதுதான் மிஸ்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஊருக்கே அவர் மிஸ். ஆலங்குடாவில் தன் வீட்டின் முன்பாதியை ஒதுக்கி, விசேட தேவையுள்ளவர்களை வாரத்தில் இரண்டு நாளும் இடையில் ஓர் இரவும் வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் இளைப்பாறலாம். கட்டையான, குரல் பெருத்த மனுஷி. தானும் கூட வந்து தங்குவதாக உம்மா எவ்வளவோ பேரம் பேசிப் பார்த்தார். மிஸ் அசையவில்லை.

"அவருக்கு இங்க வேல ஈக்கிது. ஒங்களுக்கு அங்க நித்திர ஈக்கிது. ரெண்டு பேரும் ஒங்கட ஒங்கட வேலயப் பாருங்க."

என்ன வேலை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் தடவை உம்மா நித்திரை கொள்ளவே இல்லை. காலிக் கட்டிலின் விரிப்பைத் தட்டித் தட்டிப் போட்டபடி இருந்தார். மறுநாள் பின்னேரம் வேன் வந்தது. நானாவை இறக்கி, ஈர்க்கில் கோத்த மீனை உம்மாவின் கையில் கொடுத்து, சம்மாட்டியார் தந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ் மற்றவர்களை இறக்கப் போய்விட்டார். சம்மாட்டியார் ஆலங்குடாவில் கரைவலை வைத்திருப்பவர். உம்மாவின் முகம் இறுகியது. முகாமில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்ட காலத்தை அவர் மறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து இரங்கி யாரோ ஸதக்கா கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். பங்கு மீனைத் திருப்பி அனுப்பினால் வலைக்காரருக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இது பங்கு என்றுதான் தெரியவில்லை.

சம்மாட்டியார் என் கையில் இருந்த மீனைப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் நான் ஏறிவந்த த்ரீவீலுக்குப் பின்னாலேயே வந்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று உம்மாவைக் கூப்பிட்டார்.

"ராத்தா, இது ஸதக்கா இல்ல. கயித்துல கை வெச்ச ஆளுக்குக் கறிக்கு மீன் குடுக்காம நாங்க வலய மடிக்கிறல்ல. ஒங்கட மகன் கை வெச்சார். அவர்ட பங்க வாணாம் எண்டு சொல்ல நீங்க ஆரு?"

உம்மா இரண்டு கையாலும் மீனை வாங்கினார். உழைத்துக் களைத்து வந்த ஆம்பிளைக்கு வைப்பது போல, ஆணம் காய்ச்சி, அதில் நல்ல துண்டை நானாவுக்கு எடுத்துவைத்து, முள் பார்த்து வாயில் தீத்தினார். தீத்தி முடியும்வரை அழுதுகொண்டே இருந்தார்.

அடுத்த கிழமை நானும் உம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் கடற்கரைக்குப் போய், தாழம்புதருக்குப் பின்னால் நின்று பார்த்தோம். இரண்டு பக்கமும் ஆட்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் பலகை போட்டு, கயிற்றின் வால்பக்கத்தில், இழுவையின் வேகம் வந்து சேராத இடத்தில் நானாவின் நாற்காலியை நிறுத்தியிருந்தார்கள். இழுத்த கயிறு மறுபடி வழுகிப் போகாமல் அங்கே ஓர் ஆள் பிடிக்க வேண்டும். அந்த ஆள் நானா. நாங்கள் காலமெல்லாம் திறக்கப் போராடிய கை கயிற்றில் பூட்டிக் கிடந்தது. மிஸ் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, உம்மாவுக்கு மட்டுமே தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்த விதமாக விரல் விரலாகத் திறந்து, அடுத்த பிடியை எடுத்துக் கொடுத்தார். முன்னால் இருந்து யாரோ கூப்பிட்டு ஏதோ பகிடி சொல்ல, நானா தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதே இல்லை. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் சொன்னார். அந்தக் கையில் இப்படியொரு வேலை இருப்பதை மிஸ் எப்படித்தான் கண்டாரோ, இன்றும் எனக்கு வியப்புத்தான்.

இப்போது மிஸ் பழக்கிய இரண்டு பெண்கள் அந்த வீட்டை நடத்துகிறார்கள். பலகை போடுவதை சம்மாட்டியாரின் ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். போன புதன் வேன் ஹோன் அடித்தும் உம்மா வெளியே வரவில்லை. நானாவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். உம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, குறட்டை விட்டு நித்திரை கொண்டிருந்தார். ஓர் இருமலுக்கு எழும்புகிற உம்மா.

நானாவைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நிறுத்தினேன். வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டு உம்மாவைத் தேடுகிறவர், அன்று மூச்சுக்கூட மெதுவாக விட்டார். ஆய்ந்து வைக்கலாம் என்று மீனை எடுக்கக் குனிந்தேன். ஈர்க்கு அவர் விரல்களுக்குள் பூட்டிக் கிடந்தது. நான் திறக்கப் பார்க்கவில்லை. மீனில் இருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. உம்மா எழும்பும்வரை நானா அந்த மீனோடு காவல் இருந்தார்.