இலைக்கு நடுவே ஓடிய ரசம்

ஐம்பதுகளின் கடைசியில் சாத்தூரில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்த சாப்பாட்டுக் கடை ஒன்றில் சப்ளையராக இருந்தேன். அதற்கு முன் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மருந்து வாடை நெஞ்சில் கட்டி இருமல் விடாததால் அதை விட்டுவிட்டு இலை போட வந்தேன்.

வாய்தா நாட்களில் அண்ணன் தம்பி இருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. தாயில்பட்டிப் பக்கம் கரிசல் காடும் கிணறும் உள்ள குடும்பம். அந்தக் கிணற்றுக்காகத்தான் வழக்கு. தம்பி ஊரில் தாயோடு இருந்தார். அண்ணன் வழக்கு முற்றியதும் விருதுநகரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் ஜன்னலோர மேஜையை விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனசில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள்.

ஒருநாள் அண்ணன் இலையிலிருந்து ரசம் வழிந்து தம்பி இலைப் பக்கம் ஓடியது.

“ஏப்பா, எல்லையத் தாண்டி வருது. வரப்பு போடச் சொல்லு அவுகள” என்றார் தம்பி.

“பள்ளத்தப் பாத்துத்தாம்லே தண்ணி ஓடும். வேணும்னா இதுக்கும் ஒரு கேஸ் போடச் சொல்லு” என்றார் அண்ணன்.

இரண்டடி மேஜைக்கு நான் தூது. உள்ளே போய் மாஸ்டரிடம் அப்படியே நடித்துக் காட்டுவேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரிப்பார். அடுத்த வாய்தா எப்போது என்று கடையில் எல்லோருமே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு சித்திரை மாதம் அண்ணன் முதலில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தார். மீசையும் இல்லை. நான் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டேன்:

“எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி முடி குடுத்தீக?”

அண்ணன் நிமிர்ந்து அந்தத் தலையைப் பார்த்தார். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஆத்தா போயிருச்சுன்னு அவுகட்ட சொல்லுப்பா” என்றார் தம்பி.

அண்ணன் காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லித்தான் தீர வேண்டும் என்பது போல. சொன்னேன்.

“எப்பன்னு கேளு.”

“வெள்ளிக்கிழமை” என்றார் தம்பி. அன்றைக்குச் செவ்வாய்.

“கொள்ளி வச்சது யாருன்னு கேளு.”

தம்பி இலையைப் பார்த்தபடி, “நான்தான்” என்றார்.

“மூத்தவன் நான் இருக்கேன். எனக்கு ஏன் ஆள் விடலன்னு கேளு.”

கேட்டேன். தம்பி இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் தீர்ந்த பிறகும் வெறும் செம்பைக் கையில் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் இறங்கி எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குள் போனார். நாற்காலியில் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்தது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது.

தம்பி சோற்றைத் தொடவில்லை. என் கையைப் பிடித்தார்.

“ஆள் விட்டும் அவுக வரலன்னு ஊர்ல சொல்லிட்டேன். கோவத்துல சொன்னேன். ஊரே காறித் துப்புது அவுகள. அதையும் நீயே போய்ச் சொல்லிருப்பா.”

“அத நான் சொல்ல மாட்டேன். அந்தா இருக்காக, நீங்க போங்க அண்ணாச்சி.”

அவர் போகவில்லை. சாப்பிடாத இலையை மூடிவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் நடந்தார்.

அதன்பின் அண்ணன் எங்கள் கடைக்கு வரவே இல்லை. தம்பி வருவார், வேறு மேஜையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணனை ஒரே ஒருமுறை கோர்ட்டு வேப்பமரத்தடியில் பார்த்தேன். முடி பாதி வளர்ந்திருந்தது. ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனேன்.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆச்சுப்பா” என்றார்.

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.