மூட்டைக்குக் காவல்

என் கொழுந்தன் நயினாரின் பெண்டாட்டி மூக்கம்மாளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவள் வைத்த புளிக்குழம்பை என் மாமியார் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். நான் வைத்தால் உப்பு டப்பாவைக் கேட்பாள். காரணம் அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். ஓரகத்திகளுக்குள் அது போதும்.

அவள் குடியிருந்தது மேலகரத்தில். வாசலுக்கு வந்தாலே குற்றால மலை தெரியும். நாங்கள் ஆலங்குளத்தில் புழுதி தின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்திக்கு அங்கே தானியக் கடை. ஆடிச் சாரல் விழுந்துவிட்டது என்று காதில் பட்டால் போதும், கடையைப் பூட்டிவிட்டு ஒன்பது பேராகப் போய் அவள் வீட்டில் இறங்குவோம். வண்டி அவர்களுடையது. கட்டுச்சோறு கட்டுவதும் அவள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் இவர் உட்கார்ந்து திட்டம் போடுவார். விடியும் முன்னே வண்டி பூட்ட வேண்டும், முதலில் ஐந்தருவி, பிறகு சித்திர சபை, பெரிய அருவியில் குளியல், அங்கேயே சாப்பாடு, கோயில். எல்லாம் முடிந்து கடைசியில், மூட்டைக்கு நயினார் பெண்டாட்டி என்பார். குற்றாலத்துக் குரங்குகள் சோற்றையும் விடாது, துணியையும் விடாது. யாராவது காவல் இருந்தே ஆக வேண்டும். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமும் அந்த யாராவது அவள்தான். அருவிக்கு இரண்டு மைலில் இருந்துகொண்டு அவள் ஒரு தடவைகூட அதில் தலை நனைத்ததில்லை. தனியாகப் போக முடியாது. நயினாருக்கோ வயலை விட்டால் வேறு தண்ணீர் தெரியாது.

வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. எங்கள் குடும்பத்தில் புருஷனின் அண்ணன் அத்தான் முறை, அவரிடம் தம்பி பெண்டாட்டி நேராகப் பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று வேறு ஆளிடம் சொல்ல, அந்த ஆள் போய் அவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்.

ஐம்பத்தேழாம் வருஷம், திட்டம் போட்ட அன்று, அடுக்களையில் என் கையைப் பிடித்தாள். அதுவரை அவள் என்னைத் தொட்டதில்லை.

"அக்கா, இந்த வருசம் நானும் அருவியில நிக்கணும். அத்தான்கிட்ட சொல்லுதீகளா?"

சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அவள் நின்றால் மூட்டைக்கு நான் உட்கார வேண்டும். எனக்கு மட்டும் வருஷத்தில் எத்தனை நாள் அருவி கிடைத்தது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துப் படுத்தேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் பெரிய அருவிக்கு முன்னால் வண்டியை விட்டு இறங்கும்போதுதான் பார்த்தேன். மூக்கம்மாள் தலை நிறைய எண்ணெய் தேய்த்திருந்தாள். நெற்றியில் வழிந்தது. கக்கத்தில் மாற்றுச் சேலை. இவர் சம்மதித்துவிட்டார் என்றே நம்பி வந்திருந்தாள்.

இவர் பாறையைக் காட்டி, "அவள அங்கன மூட்டைகிட்ட இருக்கச் சொல்லுட்டி" என்றார் என்னிடம்.

மூக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்துக்கு மூடியைத் தேடினேன். அவள் மூட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். முக்காட்டை இழுக்காமல் இவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தலையில எண்ணெய் வச்சிட்டேன் அத்தான். மூட்டைக்கு அக்கா இருக்கட்டும்."

நயினார் தரையைப் பார்த்தார். அவள் பெண்கள் பக்கம் நடந்து தண்ணீருக்குள் போய்விட்டாள். மற்றவர்கள் மூன்று தரம் கரையேறி மூன்று தரம் திரும்பப் போனார்கள். அவள் வெளியே வரவே இல்லை. நான் கையில் கம்போடு குரங்கு விரட்டினேன். எரிச்சலாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

உதடு நீலம் பாரித்து வந்தவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் சோறு வைத்தாள். என் இலையிலும் வைத்தாள்.

அடுத்த ஆடியிலும் போனோம். இவர் திட்டம் போட உட்கார்ந்தார். மூக்கம்மாள் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, கூடத்துக்கே வந்து நின்றாள். நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"மூட்டைக்கு இந்த வருசமும் அக்கா இருப்பாகளான்னு கேட்டுச் சொல்லுங்க அத்தான்" என்றாள்.