பாய் உடைத்த கதவு

பெங்களூரு அடுகோடியில் வாடகைக்கு இருக்கிறேன். பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருப்பவரைத் தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

மனைவி ஊருக்குப் போயிருந்த சமயம். ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் வைத்ததை மறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் கதவு பெயர்ந்து கிடந்தது. வாசலில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"யாரு உடைச்சது?"

"நான்தான்பா."

"ஆள் இல்லாத வீட்ல உனக்கு என்ன வேலை? என்னத்த எடுத்தே? பூட்ட அறுக்க கிரைண்டர் கூடவா இல்ல உன்கிட்ட?"

தெருவே பார்க்கக் கத்தினேன்.

"பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு. வெளிய வரைக்கும் கேஸ் நாத்தம். போன் பண்ணேன், நீ எடுக்கல. கிரைண்டர் போட்டா நெருப்பு பறக்கும்ல? மாடியில புள்ளத்தாச்சி இருக்கா. அதான் கடப்பாரையால நெம்பினேன். தொறந்த வீடாச்சேன்னு கடைய மூடிட்டு இங்கயே உக்காந்துட்டேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். பாயின் மிஸ்டு கால் இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு, புதுப் பூட்டின் சாவி ஒன்றை நீட்டினேன்.

"வேணாம்பா. நாளைக்கு ஏதாவது காணோம்னா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது சிலிண்டரை மூடிய பிறகுதான் வெளியே கிளம்புகிறேன். யாரிடமும் கத்துவதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கிறேன். பஸ்ஸுக்கு பாய் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். "டூட்டிக்கா?" என்று எப்போதும் போல் கேட்கிறார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.