பாடு நாளின் ஐஸ்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விழாத, அதாவது கரண்டை அறுக்காத, பிரேக்கர் நல்ல பிரேக்கர், விழுகிற பிரேக்கர் கெட்ட பிரேக்கர். இந்த நினைப்பை மாற்ற என்னால் இன்றுவரை முடியவில்லை. நான் மீஞ்சூரில் ஒரு பேனல் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். பெரிய மோட்டார்கள் ஓடுகிற இடங்களுக்குப் போய் பிரேக்கர்களைச் சோதிப்பது, அவற்றை விழவைக்கிற டிரிப் யூனிட் பழுதாகியிருந்தால் கழற்றிப் புதியதைப் பொருத்தி அளவு வைப்பது, இதுதான் தொழில். ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் கேட்டால், "அளவுக்கு மேல கரண்ட் போனா லைன அறுத்துவுடுற பொட்டி இருக்குல்ல, அதுக்கு மூளை வெக்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் ஐஸ் ஃபேக்டரி வேலை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த ஊரில் வேலை! முதலாளி பாய் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மெயின் பிரேக்கரைச் சோதித்தேன். வேண்டுமென்றே அதிகக் கரண்டைச் செலுத்தியும் அது அசையவில்லை. உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் துருவேறி ஒட்டிப்போயிருந்தது.

"இத்தினி வருசத்துல ஒரு வாட்டி கூட வுழுந்ததில்லம்மா" என்றார் பாய், பெருமையாக.

"எப்டி வுழும் பாய், அது செத்துப் போயி எவ்ளோ நாளாச்சோ" என்றேன். முகம் சுருங்கினாலும் மனுஷர் புது யூனிட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அதைப் பொருத்துகிற அன்று என் அண்ணன் அங்கே வந்தான். அவன் ஏரியில் வலை கட்டுகிறவன். இறால் ஏறுகிற நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று எங்கள் ஊர்களில் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். உன் பாடு வந்த நாளில் கட்டினால் உண்டு, விட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். வசதியானவன், இல்லாதவன் எல்லோருக்கும் ஒரே முறைதான். அண்ணன் பாடு அந்த வாரம். ஐஸ் சொல்லிவைக்க வந்தவன் என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நின்றுவிட்டான்.

"இன்னா பாப்பா இது, சின்னச் சின்னதா திருகு வெச்சிகிது?"

நைனா போன பிறகு நான் எங்கே போகிறேன், என்ன செய்கிறேன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டான். எனக்கு ஒரே குஷி. லைனை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, யூனிட்டை மாட்டி, ஸ்குரூ இறுக்கி, ஒவ்வொரு டயலையும் காட்டிச் சொன்னேன். இது எவ்வளவு கரண்ட் வரை விடலாம் என்பதற்கு. இது தாண்டினால் எத்தனை நேரம் பொறுக்கலாம் என்பதற்கு. இது ஷார்ட் ஆனால் உடனே அறுப்பதற்கு. "மோட்டாரும் கேபிளும் எவ்ளோ தாங்குதோ அதான் அளவு. நமக்கு எவ்ளோ ஐஸ் வேணும்ன்றது அளவு இல்ல" என்றேன். தலையாட்டினான். என் பிரசங்கத்தை அவன் அவ்வளவு கவனமாகக் கேட்டதில் நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் உச்சி வெயிலில் பிரேக்கர் விழுந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். போர்வெல் தண்ணீரின் உப்பு கண்டென்சர் குழாய்களில் கல்லாகப் படிந்திருந்தது. சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் திணறி, கூடுதல் கரண்ட் இழுத்தது. யூனிட் தன் வேலையைச் செய்திருக்கிறது. மெஷினை நிறுத்திக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொன்னேன்.

அதற்குள் ஊரே வாசலில் நின்றது. பழசு ஒழுங்காக ஓடியதாம், நான் வந்து கெடுத்தேனாம். பொன்னேரியிலிருந்து வருகிற ஐஸ் வண்டியிலும் அன்று எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நாளிக்கு என் பாடு. ஐஸ் இல்லாம இறால இன்னா பண்ணுவேன்? ஒரு திருகு திருகிவுடு பாப்பா."

"கேபிள் எரிஞ்சா? அந்த ரூம்ல அமோனியா குழாய் போவுது, கசிஞ்சா மூச்சு முட்டிடும். மெஷின் பாக்குறவரு பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துகிறாரு."

"இத்தினி வருசமா எரிஞ்சிச்சா?"

முடியாது என்றேன். கத்திவிட்டுப் போனான். குழாய் சுத்தம் செய்கிற ஆட்கள் வரும்வரை பாதி லோடில் ஓட்டச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் தன் பாடு நாளில் வலை கட்டிய மறுநாள் பகலில் ஃபேக்டரிக்குப் போனேன். மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டயல் கடைசி எண்ணில் நின்றது. புறங்கையைக் கேபிள் மேல் வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. மெஷின் பார்க்கிறவர் சேரிலிருந்து எழுந்து, "உங்கண்ணன்தாம்மா வந்தாரு. நீங்க சொல்லி அனுப்புனீங்கன்னு சொல்லி ஏத்திட்டுப் போனாரு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே, என் பேரைச் சொல்லியே செய்திருக்கிறான். மெஷினை நிறுத்தி, டயலை இறக்கி, மூடிக்கு சீல் வைத்தேன். பாயைக் கூப்பிட்டு அவர் கையைக் கேபிள் மேல் வைக்கச் சொன்னேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழாய் சுத்தம் முடியும்வரை ஃபேக்டரி அடியோடு நின்றது.

அந்த நேரத்தில் வேறொருவர் பாடு. ஐஸ் இல்லாமல் போனார். இறால் நன்றாகத்தான் கிடைத்தது, ஆனால் கரைக்கு வருவதற்குள் நெகிழ்ந்துபோய், இறால் வாங்குகிற ஏஜெண்ட் தொடவில்லை. அவர் மனைவி, மெஷின் பார்க்கிறவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் சின்ன வயதில் அக்கா அக்கா என்று பின்னால் சுற்றியவர்தான்.

"உங்கண்ணன் பாடுன்னா ஏத்துவ, எங்கூட்டுக்காரர் பாடுன்னா எறக்குவியா? பாடு எல்லார்க்கும் ஒண்ணுதானே? பட்ச்சவ நீயே இப்டிப் பண்ணலாமா?"

அண்ணன் பக்கத்திலேயே தன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பேசுவான் என்று பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஏற்றியது அவன்தான், எனக்குத் தெரியாமல், என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போகும், அவனுக்குப் பாடு முறையே இல்லாமல் நிறுத்துவார்கள். அண்ணியின் முகம் கண்ணில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த அக்கா அழுதுகொண்டே போனார்.

சுத்தம் செய்தபின் மெஷின் நான் வைத்த அளவிலேயே ஓடுகிறது. ஒருமுறைகூட விழவில்லை. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்கா எதிரில் வந்தால் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுகிறார்.

அண்ணனுக்கு மறுபடி பாடு வந்தது. காலையில் ஒரு கூடை இறாலோடு என் வாசலில் நின்றான். மேலே ஐஸ் போட்டிருந்தான்.

"இது உன் அளவுல ஓடுன ஐஸ்தான் பாப்பா" என்றான்.

அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

"அத எங்கிட்ட சொல்லாத. அந்தக்கா வூட்டு வாசல்ல போயி சொல்லு" என்றேன்.

கூடையைக் கீழேயும் வைக்கவில்லை, தெருப்பக்கம் திரும்பவும் இல்லை. ஐஸ் கரைந்து அவன் காலில் சொட்டிக்கொண்டிருக்க, அப்படியே நின்றான்.