பாட்டு கேக்குத பக்கமா போங்க

எனக்க வெப்சைட்ட துபாய்ல இருந்தும் கனடால இருந்தும் ஆளுவ பாக்காவ, கேட்டியளா. சும்மா சொன்னேன். ஒரே ஒரு ஆளுதான் பாக்கான். காலையில பல்லு தேச்சதும் பாப்பான், சோறு தின்னுட்டும் பாப்பான். அது நாந்தான்.

அஞ்சாங்கிளாசோட பள்ளிக்கூடம் என்னைய விட்டுட்டுப் போச்சு. வெப்சைட்டு அக்கா மக ஷைனி செஞ்சு தந்தது. நான் பேசப் பேச போனே எழுதிக்கிடும். இன்னைக்கு அதுல மேப்பு ஒண்ணு வச்சு தந்தா. விரல வச்சு இழுத்தா மார்த்தாண்டம் ஓடுது, திருவட்டாறு பின்னாலயே ஓடியாருது. சிவப்புப் புள்ளியத் தொட்டா அந்த எடத்தப் பத்தி நான் சொன்ன கத தெறக்கும். இழுத்து இழுத்து போன் சூடாயிட்டு. அந்தச் சூடு கையில பட்டதும் பழைய மைக்செட் ஆம்ப்ளிபயரு ஞாபகம் வந்துட்டு. மழ நாள்ல அதுக்க மேலதான் கை காய வைப்போம். தூசி கரியுத மணம் அடிக்கும்.

நானும் எனக்க கூட்டுக்காரன் தாசையனும் மைக்செட் வேலைக்குப் போன காலம். அப்பம் கல்யாண வீட்டுக்கு வழி கேட்டா இடது வலதுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாவ. "பாட்டு கேக்குத பக்கமா போங்க." அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்க வீட்டுக்கு வேற என்ன அடையாளம் சொல்ல? மேப்பே நாங்கதான். தாசையன் தென்னையில ஏறி ஸ்பீக்கர் குழாயக் கட்டுவான். நான் கீழ நின்னு புத்தி சொல்லுவேன்.

ஒருக்கா, "லேய், பஸ் ஸ்டாப்பப் பாத்து திருப்பு"ன்னேன்.

"அந்தப் பக்கம் வேற ஒரு கல்யாணம் இருக்கு மக்கா. அவியளும் இஞ்ச வந்துருவாவ."

"வரட்டும். கூட்டம் கூடுனா நமக்குல்லா பெரும."

வந்தாவ. ஒரு வேன் ஆளு. பந்தியில இருந்து, பாயாசத்துல பழமும் பப்படமும் பெசஞ்சு அடிச்சு முடிச்ச பெறவுதான் ஒரு பெரியவரு மேடையப் பாத்தாரு. "நம்ம மாப்பிளைக்கு மீச கெடையாதே?" தாசையன் சாயங்காலம் வர தென்னைய விட்டு எறங்கல.

பின்ன அவன் கல்ஃபுக்குப் போனான். திரும்பி வந்தாச்சுன்னாவ. பத்மநாபபுரம் பக்கம் மக வீட்டுல இருக்கான்னு ஒருத்தன், கேரளாவுலன்னு இன்னொருத்தன். நம்பரு ஆருக்கும் தெரியாது.

"மாமா, மேப்புல அந்தக் கல்யாண வீட்டுப் புள்ளி ஆத்துக்கு நடுவுல நிக்கு"ன்னா ஷைனி.

"நிக்கட்டும் மோளே."

"தப்புல்லா?"

"தப்புதான். தாசையன் கண்ணுல பட்டா அவனால பொறுக்க முடியாது. ஏசுததுக்காவது வருவான்."

அவ என் மொகத்தப் பாத்தா. புள்ளிய அப்படியே விட்டுட்டா.

இப்பம் ஆரும் வழி கேக்கதில்ல. போன வாரம் அடுத்த வீட்டுல கல்யாணம். பாட்டு இல்ல. காரு காரா வந்து நேரே வாசல்ல நின்னுது, எல்லாருக்கும் போனு சொல்லிக் குடுக்கு. நான் சட்டையெல்லாம் போட்டு ரோட்டுல நின்னுட்டிருந்தேன். ஒரு கண்ணாடிகூட தாழல.

அதவிடுங்க. அந்தத் தென்னையில இருந்து தாசையன் கடைசியா எறங்கி வந்தான் பாருங்க, வந்து எனக்க சட்டையப் பிடிச்சுட்டு ஒரு காரியம் சொன்னான், என்னன்னா...

"மாமா, பைப்புல தண்ணி வந்தாச்சு. கொடத்த எடுத்துட்டு வாங்க."

"இரு மோளே. இவியகிட்ட ஒரு கத சொல்லிட்டிருக்கேன்."

"எவியகிட்ட மாமா?"